கூரையை ஒட்டி நிற்கும் மரம்



இந்த மாதம் மருந்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் எழுதவில்லை. மரத்தைப் பற்றி எழுதுகிறேன். டிரெசருக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டெங்கிக் காய்ச்சலோடு வருகிறவரையும், ஓடு சரிந்து மண்டை உடைந்து வருகிறவரையும், கிளை வெட்டப் போய் இடுப்பொடிந்து வருகிறவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கிறவன் நான். மூன்று பேர் வீட்டுக்கும் போய்ப் பார்த்தால், பல சமயம் கூரைக்கு மேலே ஒரே மாதிரி மரம்தான் சாய்ந்து நிற்கிறது.

லயத்துச் சுவரை ஒட்டி, சீக்கிரம் நிழல் கிடைக்கட்டும் என்று நட்ட பாத்தாய், அகாசியா போன்ற மரங்களை அகற்ற வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் எல்லாப் பக்கமும் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. தோட்ட ஆபீசில், "பட்ஜெட் இல்லை" என்கிறார்கள். நம்ம பெண்டுகள், "ஐயா, அந்த நிழல் போனா தகரக் கூரைக்குக் கீழே வெந்து போவோம்" என்கிறார்கள். படித்த பிள்ளைகளோ, "உலகமே மரம் நடச் சொல்லுது, நீங்க வெட்டச் சொல்றீங்களே, சிங்கப்பூரைப் பாருங்க" என்கிறார்கள்.

சரி, சிங்கப்பூரையே பார்ப்போம். நம் ஜொகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் துணியெடுக்க, நகை வாங்க என்று தேக்காவுக்குப் போகாத குடும்பம் குறைவு. சாமான் பையைப் பார்க்கிற கண் மரத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் மரம் நட ஆரம்பித்தது 1963 ஜூன் 16-ஆம் தேதி. பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் என்ற இடத்தில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். (நம்மவர்கள் நினைக்கிற ஃபேரர் பார்க் அல்ல, இது ஹாலண்ட் ரோட்டுப் பக்கம்.) 1967-இல் 'தோட்ட நகரம்' என்ற திட்டம் வந்தது. 1971 நவம்பரிலிருந்து மரம் நடு நாள் என்று ஆண்டுதோறும் கொண்டாடினார்கள். வெயில் காய்கிற புது ரோடுகள், புது அடுக்குமாடிகள். கன்று வளர்ந்து நிழல் தருகிற வரைக்கும் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆகவே அங்சானா மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது நம் ஊர் வேங்கைக்கு உறவு. கனமான கொம்பாக வெட்டி மண்ணில் நட்டாலே வேர் பிடித்துத் துளிர்க்கும். சில வருஷத்தில் ரோட்டுக்கே பந்தல் போட்டுவிடும். ஒரே நாளில் மஞ்சளாய்ப் பூத்து, அன்றைக்கே உதிர்ந்து, தரையெல்லாம் மஞ்சள் பாய் விரித்தது போலக் கிடக்கும். வெட்டினால் ரத்தம் போலச் சிவப்புச் சாறு வரும். வெட்டுகிறவன் முதல் தடவை பார்த்தால் கொஞ்சம் பயப்படத்தான் செய்வான்.

அவசரத்துக்கு விலை உண்டு. கொம்பை நட்டு வளர்த்த மரத்தில், வெட்டுப்பட்ட தலையிலிருந்து பல கிளைகள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு முளைக்கும். ஒவ்வொன்றும் பருத்து ஒன்றையொன்று தள்ளும். மேலே பாரம், கீழே பிடிப்புக் குறைவு. இதனால் ஓயாமல் கிளை கழிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல், ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வருகிற வாடல் நோயும் அங்சானாவைப் பிடித்தது. ஒரே இனத்தை வரிசையாக நட்டால் நோயும் வரிசையாகத்தானே வரும்?

அங்சானாவையாவது சொல்லித் திருத்தலாம். பாத்தாய் மரத்தை, அதாவது அல்பீசியாவை, திருத்தவே முடியாது. இதன் வேகம் உலகப் பிரசித்தம். 1974-இல் நம் சபாவில் நட்ட ஒரு மரம் 13 மாதத்தில் 10.74 மீட்டர், கணக்குப் பார்த்தால் 35 அடி, வளர்ந்து உலகச் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. பெருமைதான். ஆனால் அந்த வேகத்தில் கட்டை இறுகுவதற்கு நேரம் ஏது? தீப்பெட்டிக் குச்சிக்கும் பலகைப் பெட்டிக்கும் உதவுகிற லேசான கட்டை. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்து, குடை போல விரிந்து, காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும். வேரோ ஆழமில்லை. சிங்கப்பூரில் பழைய கம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்து கைவிடப்பட்ட நிலங்களில் இது தானாக முளைத்துக் காடாக நிற்கிறது. காட்டுக்குள் நிற்கிற வரைக்கும் பறவைக்கு வீடு. நானும் அதை ஒன்றும் சொல்லவில்லை. பிளாக்குக்கும் நடைபாதைக்கும் பக்கத்தில் நின்றால்தான் சங்கடம்.

சுமத்ரா காற்று என்று நாம் சொல்கிறோமே, பெரும்பாலும் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி அடித்துக்கொண்டு வருகிற சூறை, அது ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பொது. 2024 செப்டம்பர் 17-ஆம் தேதி அங்கே மணிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. ஒரே மாலையில் 300-க்கும் மேற்பட்ட இடங்களில் மரமோ கிளையோ விழுந்தது. அன்றைக்குப் பெரிய உயிர்ச்சேதம் இல்லாதது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. 2001-ஆம் ஆண்டில் அந்த ஊரில் மரம் விழுந்த, கிளை முறிந்த சம்பவங்கள் ஏறக்குறைய 3,000. அண்மை ஆண்டுகளில் அது 500 அளவுக்கு இறங்கிவிட்டது. எப்படி? தேசியப் பூங்காக் கழகத்தார் ஜன நடமாட்டமுள்ள இடத்து மரங்களைக் குறைந்தது வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் விட்டுச் சோதிக்கிறார்கள். தலைப்பாரத்தைக் குறைக்கிறார்கள். புயல் தாங்காத இனங்களை எடுத்துவிட்டு வேறு இனம் நடுகிறார்கள். மரம் நடுவதில் பேர் வாங்கிய ஊர், மரம் எடுப்பதிலும் கணக்காக இருக்கிறது. படித்த பிள்ளைகள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் தப்புகிறதில்லை. 2017 பிப்ரவரி 11-ஆம் தேதி தாவரவியல் பூங்காவில் 270 வருஷத்துக்கு மேற்பட்ட தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து, குடும்பத்தோடு வந்திருந்த இந்தியப் பெண்மணி ஒருவர் இறந்தார். 2021 பிப்ரவரி 18-இல் மார்சிலிங் பூங்காவில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண் மீது 20 மீட்டர் மரம் விழுந்தது. அவரும் பிழைக்கவில்லை. தெம்புசு மெதுவாக வளர்கிற, வைரம் பாய்ந்த மரம். நல்ல மரமே உள்ளுக்குள் உளுத்துப்போனால் வெளியே தெரியாமல் விழுகிறது என்றால், லயத்துக் கூரைக்கு ஆறடி தள்ளி நிற்கிற பாத்தாயை என்ன நம்பிக்கையில் விட்டு வைப்பது?

இன்னொரு ஜாதி மரம் இருக்கிறது. யாரும் நடுவதில்லை, தானே கட்டடத்தில் முளைக்கும். தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு ஐந்தடி நடையில் போகும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கடைவீடுகள். 1989 ஜூலையில் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த பிறகு அவற்றை இடிக்க முடியாது, பழுதுதான் பார்க்க வேண்டும். மைனா அத்திப் பழத்தையும் ஆலம் பழத்தையும் தின்று ஓட்டிடுக்கில் எச்சம் போடும். விதை முளைக்கும். முதல் வருஷம் விரல் தண்டி. மூன்றாம் வருஷம் வேர் காரைக்குள் புகுந்து செங்கல்லைப் பிளக்கும். மழைநீர் அந்த வழியாக உள்ளே இறங்கும். சுவர் ஈரம், பூசணம், அங்கே படுத்திருக்கிற கிழவருக்கு இளைப்பு. மேலே இருக்கிற செடியை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரை எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். முரட்டு சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பழைய செங்கல் உதிரும் என்று அந்த வேலை தெரிந்த மேஸ்திரிமார் சொல்வார்கள்.

"ஆலும் அரசும் தெய்வ மரம், கை வைக்கலாமா?" என்பார்கள். சாமி கும்பிடுகிறவன்தான் நானும். கோயிலில் வைத்து, மேடை கட்டி, மஞ்சள் துணி சுற்றிய மரம் வேறு. கக்கூஸ் சுவரில் மைனா நட்ட மரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது பக்தி இல்லை, சோம்பல். லயத்தை ஒட்டின மரத்தடியில் ஏற்கெனவே சூலமும் கல்லும் வைத்துவிட்டீர்களென்றால், பூசாரியைக் கூப்பிட்டு முறைப்படி வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு மரத்தைத் தொடுங்கள். அவசரப்பட்டால் தோட்டமே இரண்டு கட்சியாகிவிடும். பிறகு மரமும் நிற்கும், சண்டையும் நிற்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

கூரை மேல் கிளை படர்ந்தால் இலை கூரைத் தூம்பில் விழும். தூம்பு அடைத்துக்கொள்ளும். மழை நின்றபின் அங்கே நாலு விரல் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் உயிர் பெறும். தூம்பு உயரத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. வாளியைக் கவிழ்த்தோம், பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்தோம், இன்னும் ஏன் காய்ச்சல் வருகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள், ஏணி போட்டு மேலே பார்க்க வேண்டும். மரப் பொந்திலும், சுருண்டு கிடக்கும் காய்ந்த இலையிலும் தேங்குகிற தண்ணீர் இன்னொரு ஏடிஸ் வகைக்குத் தொட்டில். சிங்கப்பூர் 1968-லேயே கொசு ஒழிப்புக்குச் சட்டம் போட்ட ஊர். வீட்டில் புழு கண்டால் அபராதம். அங்கேயே 2020-இல் 35,000 பேருக்கு மேலும், 2022-இல் 32,000 பேருக்கு மேலும் டெங்கி கண்டது. தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் கசிய வருகிற பிள்ளையை, ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். அதைவிட ஒரு மரத்தை வெட்டுவது பெரிய கஷ்டமில்லை.

எலிக்குக் கிளைதான் பாலம். கூரையில் ஏறி, அரிசி டின்னுக்கு இறங்கி, போகிற வழியெல்லாம் மூத்திரம் விடும். எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று போன வருஷமே எழுதிவிட்டேன், திரும்பச் சொல்லவில்லை.

வேரைப் பற்றிச் சிலருக்குத் தப்பான எண்ணம் உண்டு. நல்ல அஸ்திவாரத்தை வேர் முட்டி உடைப்பது அபூர்வம். வேர் ஈரத்தைத் தேடிப் போகும் பிராணி. ஏற்கெனவே விரிசல் கண்ட சாக்கடை, கசிகிற பைப்பு, இவற்றுக்குள் மயிர் போல நுழைந்து, பிறகு பருத்து அடைத்துவிடும். லயத்தின் பின்பக்க வடிகால் மேலெழும்பிச் சாய்ந்து, கழிவுநீர் தேங்கி நாறுகிறதே, அதற்குப் பாதிக் காரணம் இது. களிமண் தரையாக இருந்தால் பெரிய மரம் நீரை உறிஞ்சி மண் சுருங்கி, பழைய லயத்தின் மூலைச் சுவரில் ஏணிப்படி மாதிரி விரிசல் விழும். அந்த மாதிரி விரிசலைக் கண்டால் பேனாவால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வளர்கிறதா இல்லையா என்பது பிறகு பேச்சுக்கு இடமில்லாமல் தெரியும்.

அதற்காக நாளைக் காலையில் பாராங்கை எடுத்துக்கொண்டு கிளம்பி விடாதீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஒரு தோட்டத்தில், பேர் வேண்டாம், குலை வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் உயரம் பழக்கமாச்சே" என்று சங்கிலி வாளைக் கையில் கொடுத்து மரத்தில் ஏற்றினார்கள். கயிறில்லை, தலைக்கவசமில்லை. எண்ணெய்ப் பனைக்குக் கீழே நின்று குலை தள்ளுவதும், காற்றில் ஆடுகிற பாத்தாய்க் கிளையில் நின்று வாள் பிடிப்பதும் ஒரே வேலையா? பதினைந்தடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு. இப்போது சக்கர நாற்காலி. சிங்கப்பூரில் ரோட்டோர மரங்களைக் கழிக்கிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் போன தோழர்கள் பலர். அவர்களைக் கவனித்திருப்பீர்கள். தூக்கி வண்டிக் கூடையில் நின்று, இடுப்பில் கயிறு கட்டி, கீழே ரோட்டை மறித்து, ஒருவர் பார்த்துக்கொள்ள, மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவார்கள். கூரைக்குப் பக்கத்து மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க முடியாது. ஆகவே அது பயிற்சி பெற்ற ஆள் செய்கிற வேலை. உங்களை ஏறச் சொன்னால், பயிற்சி இல்லை என்று சொல்லி மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சங்கம் அதற்குத்தானே இருக்கிறது?

யாராவது விழுந்துவிட்டால், தூக்கி நிறுத்தாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை அழுத்திப் பிடியுங்கள். கழுத்தும் முதுகும் அசையாதபடி ஒருவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். வேனில் மடக்கிப் போட்டுக் கொண்டு வருவதைவிட, 999-க்கு அடித்துவிட்டுக் காத்திருப்பது மேல். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகள் 995 என்று மனப்பாடம் செய்து வையுங்கள்.

எல்லா மரத்தையும் வெட்டு என்று நான் சொல்வதாக யாரும் கதை கட்ட வேண்டாம். 2002-இல் சிங்கப்பூர் சாங்கியில் 150 வயது மதிக்கத்தக்க ஒரு மரத்தை அனுமதி கேட்காமல் வெட்டிய நிறுவனத்துக்கு நீதிமன்றம் 8,000 வெள்ளி அபராதம் போட்டது, அரசாங்கம் 76,000 வெள்ளி இழப்பீடும் வாங்கியது. நியாயம்தான். அங்கே பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியில்லாமல் தொட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிற மரம் உங்களுடையதல்ல, நகர மன்றத்தினுடையது. சன்னலைக் கிளை இடித்தால் அவர்களிடம் புகார் செய்ய வேண்டும், அவர்கள் வந்து கழிப்பார்கள். முருங்கைக்கும் பப்பாளிக்கும் ஆசைப்பட்டுப் புல்தரையில் நட்டுவிட்டு, பிடுங்கிவிட்டார்களே என்று அழுகிற நம்மவர்களை என்னவென்று சொல்வது!

நம் தோட்டத்தில், 1990-ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி லயத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. கொசு விஷயத்துக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே மரத்தை எடுப்பது தயவு அல்ல, பராமரிப்பு. செலவு என்று இழுத்தால் இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள். உளுத்து விழுகிற கட்டையிலும் மக்கிப்போன தூரிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது இளம் எண்ணெய்ப் பனையின் குருத்தைத் துளைக்கும். தொழிலாளி தலைக்கு இளகாத மனம் பனைக் குருத்துக்கு இளகினாலும் இளகும். வெட்டியபின் தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்து, குழி விழுந்திருந்தால் மண் போட்டு நிரப்ப வேண்டும். இல்லையென்றால் அதுவே தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

நிழல் போகும் என்ற பெண்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருப்பது லேசில்லை. அதனால் வெட்டுகிறதற்கு முன்பே வேறு மரம் நட்டுவிட வேண்டும். நான் வைத்திருக்கிற கணக்கு இது. மரம் முழுசாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ, பெரிய மரமென்றால் கிட்டத்தட்ட அவ்வளவு தள்ளி. மா, பலா முப்பது அடி தள்ளி, உச்சியைக் கழித்துக் கட்டுக்குள் வைத்து. கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா, செம்பருத்தி வாசலுக்குப் பத்தடியில் இருக்கலாம். முருங்கை பத்தடிக்கு உள்ளே வேண்டாம், பிள்ளைகள் ஏறினால் சடக்கென்று ஒடியும். மேற்கு வெயில் அடிக்கிற பக்கத்தில் பந்தல் போட்டு அவரையோ பீர்க்கையோ ஏற்றினால், மரம் வளர்கிற வரைக்கும் சுவர் சூடு குறையும், குழம்புக்கும் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடிக்கும். அதற்கு முன்னால், லயத்துக்கு இரண்டு பேராகச் சுற்றிப் பாருங்கள். எந்த வீட்டு நம்பர், என்ன மரம், சுவரிலிருந்து எத்தனை அடி, கிளை கூரையைத் தொடுகிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருக்கிறதா, இவ்வளவும் ஒரு தாளில் எழுதுங்கள். லயத்தில் இருக்கிற இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களின் வீடுகளையும் விடாமல் சேருங்கள், மரம் பாஸ்போர்ட் பார்த்து விழுவதில்லை. ஒரு பிரதி மேனேஜருக்கு, ஒன்று தோட்டக் கமிட்டித் தலைவருக்கு, ஒன்று எனக்கு. மேனேஜர் கொடுத்த தேதியையும் கையெழுத்தையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரா வாரம் லயச் சுற்றுக்கு வரும்போது நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவேன்.